வலது கதவும் 2 நூல் கோணலும்

என்னுடைய 1974ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் சீரீஸ் 3 வண்டியைப் பிரித்து மீண்டும் பூட்டும் வேலையில் என்னை அதிக நாள் நிறுத்தி வைத்தது எஞ்சினும் அல்ல, கியர்பாக்ஸும் அல்ல. வலது கதவின் பின்விளிம்புக்கும் பின்பாடிக்கும் இடையே மேலே 3 மி.மீ., கீழே 7 மி.மீ. என்று விரிந்துகொண்டே போன ஓர் இடைவெளிதான் என்னை நிறுத்தியது. பழைய வண்டிகளின் பாடித் தகடுகளை ஒன்றோடொன்று இசைய வைக்கும் வேலையில் முதன்முறையாக இறங்குபவர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

இந்த வண்டியின் கட்டமைப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். 1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அறிமுகமான காலத்தில் பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தது. அதனால் பாடித் தகடுகளைப் பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்தார்கள். 1971இல் வந்த சீரீஸ் 3இலும் அந்த வழக்கம் தொடர்ந்தது. ஆனால் சேஸிஸ் எனப்படும் ஏணி வடிவ அடிச்சட்டமும், எஞ்சின் அறையையும் ஓட்டுநர் அறையையும் பிரித்து நிற்கும் பல்க்ஹெட் என்ற குறுக்குச் சுவரும் எஃகால் ஆனவை. முன் மட்கார்டுகள், கதவுக் கீல்கள், கண்ணாடிச் சட்டம், பானெட்டின் பின்முனை ஆகிய எல்லாமே பல்க்ஹெட்டைப் பிடித்துத்தான் நிற்கின்றன. பல்க்ஹெட்டோ சேஸிஸின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் அவுட்ரிகர் என்ற கைகளில் பூட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு நிலைப்படி எப்படியோ அப்படித்தான் இந்த வண்டிக்குப் பல்க்ஹெட். நிலைப்படி சாய்ந்திருந்தால் எந்தத் தச்சர் வந்து கதவைச் செதுக்கினாலும் அது ஒழுங்காக மூடாது.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துதான் வைத்திருந்தேன். ஆனாலும் வலது கதவைத் தொங்கவிட்டு, அதன் பின்முனை பின்பாடியின் மேல்விளிம்பைவிட 5 மி.மீ. தாழ்ந்திருப்பதைக் கண்டபோது என் கை நேராகக் கீலுக்குத்தான் போனது. கதவு பின்பக்கம் தொங்கினால் கீல் தேய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டுவது இயல்பு. பெரும்பாலும் அந்த முடிவு சரியாகவும் இருக்கும். கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் முனையைக் கையால் தூக்கிப் பார்த்தேன். கீல் ஆணி அதன் துளைக்குள் அசைவது விரலிலேயே தெரிந்தது. எனவே புதிய ஆணிகளும், அவை சுழலும் புஷ் என்ற உள்வளையங்களும் போட்டேன். ஆட்டம் முற்றிலும் நின்றுவிட்டது. ஆனால் கதவு 5 மி.மீட்டரில் 1 மி.மீ. மட்டுமே ஏறியது. பிறகு கீல் போல்ட்டுகளைத் தளர்த்தி, துளைகள் இடம் கொடுத்த அளவுக்கு மேல்கீலை முன்னாலும் கீழ்க்கீலைப் பின்னாலும் தள்ளினேன். பின்பக்க இடைவெளி சற்றுச் சீரானது, ஆனால் கதவின் முன்விளிம்பு மட்கார்டின் மேல்மூலையில் உரசத் தொடங்கியது. ஓரிடத்தில் வென்ற 2 மி.மீட்டரை இன்னோரிடத்தில் தோற்பது போன்ற இந்த விளையாட்டில் 3 வார இறுதிகள் கழிந்தன.

என் கண்ணைத் திறந்தவை மட்கார்டைப் பல்க்ஹெட்டோடு பிடிக்கும் துளைகள். இடப்பக்க மட்கார்டில் அவை வட்டமாக இருந்தன. வலப்பக்கத்தில் மட்டும் ஒவ்வொன்றும் நீள்வட்டமாக அராவப்பட்டிருந்தது. அரம் ஓடிய கீறல்கள் பழைய பெயின்ட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தன. எனக்கு முன்பு இந்த வண்டியில் வேலை பார்த்த யாரோ ஒருவரும் இதே இடைவெளியோடு போராடி, மட்கார்டை எப்படியாவது நகர்த்திப் பொருத்த முயன்றிருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கதவின் கீழ்மூலையிலும் விரல் தடிமனுக்குப் பட்டி வைத்து விளிம்பை நீட்டியிருந்தார்கள். கோளாறு கதவில் தெரிகிறது, ஆனால் கதவில் பிறக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு கதவைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுச் சேஸிஸை அளந்தேன். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு, ஒரு நல்ல இரும்பு டேப், சுண்ணக்கட்டி ஆகியவை போதுமானவையாக இருந்தன. சமதளமான சிமெண்ட் தரையில் வண்டியை அதன் சக்கரங்களின் மீதே நிறுத்தினேன். சேஸிஸின் ஒவ்வொரு முக்கியத் துளையிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, அதன் முனை தொட்ட இடத்தைத் தரையில் குறித்தேன். வண்டியைத் தள்ளி அப்புறப்படுத்தியபோது சேஸிஸின் வரைபடமே தரையில் கிடந்தது. இடது அவுட்ரிகர் புள்ளியிலிருந்து வலது பின் ஸ்பிரிங் புள்ளிக்கும், வலது அவுட்ரிகர் புள்ளியிலிருந்து இடது பின் ஸ்பிரிங் புள்ளிக்கும் குறுக்காக அளந்தேன். ஒன்றாக இருக்க வேண்டிய இரண்டு அளவுகளுக்கும் இடையே 5 மி.மீ. வேறுபாடு வந்தது. மற்ற எல்லாக் குறுக்களவுகளும் 1 மி.மீட்டருக்குள் ஒத்துப்போயின. ஆகவே சேஸிஸ் முறுக்கிக்கொள்ளவில்லை, வலது அவுட்ரிகர் ஒன்று மட்டுமே இடம் தவறியிருக்கிறது. நேராக அளந்தபோது அது இடப்பக்கத்தைவிட 6 மி.மீ., தச்சுக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 2 நூல், முன்னால் தள்ளி வெல்டு செய்யப்பட்டிருந்தது. துருப்பிடித்த பழைய கையை வெட்டியெடுத்துவிட்டுப் புதியதை வைத்தவர், பல்க்ஹெட்டைப் பூட்டிப் பார்க்காமலேயே வெல்டு வைத்துவிட்டார் போலும்.

அந்த 2 நூல் எப்படி அத்தனை குழப்பத்தை உண்டாக்கியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் மனம் அமைதியடைந்தது. பல்க்ஹெட்டின் மேற்பகுதியைக் கண்ணாடிச் சட்டமும் கூரையும் சேர்ந்து அதனிடத்தில் இறுக்கிப் பிடித்திருக்க, அடிப்பகுதி மட்டும் 6 மி.மீ. முன்னே போயிருக்கிறது. அடிக்கும் மேலுக்கும் இடையே ஏறக்குறைய 90 செ.மீ. உயரம் இருப்பதாக வைத்துக்கொண்டால், 60 செ.மீ. உயரமுள்ள கதவின் கீழ்ப்பாதியில் அது 4 மி.மீ. சாய்வாக வெளிப்படும். 3க்கும் 7க்கும் உள்ள வேறுபாடு அதுதான். தூண் அப்படிச் சாயும்போது அதில் தொங்கும் கதவும் சேர்ந்தே சுழல்கிறது. அதனால் 80 செ.மீ. தள்ளியிருக்கும் பூட்டு முனை 5 மி.மீ. இறங்கிவிடுகிறது. தேய்ந்த கீல் காட்டும் அறிகுறியை அச்சு அசலாக இதுவும் காட்டியது. நான் ஏமாந்ததும் அதனால்தான்.

திருத்தம் ஒரே நாளில் முடிந்தது. இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் முன்னிருக்கைக்கு அடியில் இருப்பதால் அதை முதலில் கழற்றி வெகுதூரத்தில் வைத்தேன், பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிட்டேன். அவுட்ரிகரின் வெல்டை கிரைண்டரால் அறுத்து விடுவித்து, அதைப் பல்க்ஹெட்டோடு போல்ட் போட்டுப் பிணைத்தேன்; சேஸிஸோடு பிணைக்கவில்லை. கதவைத் தொங்கவிட்டு மூடி, அதன் பின்விளிம்பில் மேலும் கீழுமாக 5 மி.மீ. டிரில் பிட்டின் வழுவழுப்பான காம்பைச் செருகினேன். இரண்டு இடத்திலும் காம்பு ஒரே இறுக்கத்தோடு நுழையும்வரை பல்க்ஹெட்டின் அடியை மெல்லப் பின்னுக்குத் தட்டி, அது வந்து நின்ற இடத்திலேயே அவுட்ரிகரைப் புள்ளி வெல்டால் பிடித்தேன். வெல்டு ஆறும்போது சுருங்கி இழுக்கும் என்பதால் ஒரே மூச்சில் ஓட்டாமல், விரல் நீளத்துக்கு ஒரு துண்டு, எதிர்ப்பக்கத்தில் ஒரு துண்டு என்று மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு முறையும் டிரில் பிட்டைச் செருகிப் பார்த்தேன். கடைசியில் தரையில் மறுபடி தூக்குக்குண்டு இறக்கியபோது குறுக்களவுகளின் வேறுபாடு 1 மி.மீட்டருக்குள் வந்திருந்தது.

இங்கே நான் வலியுறுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. வண்டியின் எடை அதன் சக்கரங்களில் இருக்கும்போதுதான் தகடுகளைப் பொருத்த வேண்டும். ஸ்டாண்டுகளின் மீது ஏற்றி வைத்த சேஸிஸ், தாங்கல் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப வளைந்து கொடுக்கும். அப்போது அழகாகப் பொருந்திய கதவு, கீழே இறக்கியதும் இறுகிவிடக்கூடும். எஞ்சினும் கியர்பாக்ஸும் அவற்றின் இடத்தில் இருக்க வேண்டும், இலை ஸ்பிரிங்குகள் படிந்து அமர வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டிவிட வேண்டும், அதன் பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும்.

நிலைப்படி நேரானதும் மற்றவை பெருமளவு தாமாகவே வழிக்கு வந்தன. முதலில் கதவுகள், பிறகு கதவுகளுக்கேற்ப முன் மட்கார்டுகள், மட்கார்டுகளுக்கேற்ப ரேடியேட்டர் சட்டம், எல்லாவற்றுக்கும் பின் பானெட் என்ற வரிசையில் போனேன். முன்னாலிருந்து தொடங்கிப் பின்னால் வந்தால் சேர்ந்துவந்த பிழையெல்லாம் கதவில் குவியும், அங்கே அதற்கு இடம் கிடையாது. கதவிலிருந்து தொடங்கினால் மிச்சப் பிழை பானெட்டின் முன்முனைக்குப் போய்விடும், அங்கே அதைக் கரைக்கத் தாராளமான இடமிருக்கிறது. நீள்வட்டமான துளைகளை அலுமினியம் நிரப்பி வெல்டு செய்து மூடி, புதிதாக வட்டத் துளை இட்டேன்.

கதவுத் தகடு என்னைத் தனியாகச் சோதித்தது. கதவின் உட்சட்டம் எஃகு, மேல்தகடு அலுமினியம். ஈரம் புகுந்தால் இரண்டும் தொடும் இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப் போகும், சட்டத்தின் துரு ஊதிப் பெருத்துத் தகட்டைத் தள்ளும். மடித்த விளிம்பைத் திறந்து துருவை நீக்கிய பின் அதை மறுபடி மடிக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகள் இறுகிக் கிடந்த அலுமினியத்தை அப்படியே மடித்தால் வெடிக்கும் என்பதால் முதலில் அதை இளக்க வேண்டும். அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது, 660 டிகிரி செல்சியஸில் திடீரென்று உருகிவிடும். ஆகவே விளிம்பில் துணி சோப்பைத் தேய்த்து, கேஸ் சுடரை அசைத்தபடியே காட்டினேன். வெளிறிய சோப்புக் கோடு பழுப்பாகி, கறுக்கத் தொடங்கிய அந்தக் கணத்தில் சுடரை எடுத்துவிட்டேன். ஆறிய பிறகு மரச் சுத்தியலின் கீழ் விளிம்பு தடித்த துணியைப் போல வளைந்து கொடுத்தது. சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையே தடுப்புப் பூச்சும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையும் வைத்த பின்னரே மடித்து மூடினேன்.

ரப்பர் பீடிங் போடாமல் பொருத்திப் பார்த்த கதவை, பீடிங் போட்ட பின் மீண்டும் பார்க்க வேண்டும் என்பதையும் இதே கதவில்தான் கற்றேன். புதிய ரப்பர் கடினமானது, கதவை வெளிப்பக்கம் தள்ளும். அதைக் கண்டு கீலைத் திருத்தினால், ரப்பர் படிந்து அமர்ந்ததும் கதவு உள்வாங்கிப் போகும். எனவே பூட்டு மாட்டும் கொண்டியை மட்டும் சிறிது வெளியே வைத்து ஒரு மாதம் விட்டேன். ஒரு காகிதத் துண்டைக் கதவுக்கும் ரப்பருக்கும் நடுவில் வைத்து மூடி, வெளியே இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை. சுற்றிலும் ஒரே அளவு பிடிமானத்தோடு காகிதம் வர வேண்டும். என் கதவில் கீழ் முன்மூலையில் மட்டும் அது தடையின்றி உருவிக்கொண்டு வந்தது. சட்டத்தின் அந்த மூலையை மரக்கட்டை வைத்து முழங்காலால் அழுத்தி ஒரு முறுக்குக் கொடுத்ததும் அங்கும் பிடித்துக்கொண்டது.

இடைவெளிகளை 5 மி.மீட்டரில் நிறுத்தியதற்குக் காரணம் பெயின்ட். அடிப்பூச்சு, மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து ஒரு விளிம்பில் கால் மில்லிமீட்டர் வரை ஏறும், எதிரெதிராக நிற்கும் இரண்டு விளிம்புகளுக்கு அது அரை மில்லிமீட்டர். வெறுந்தகட்டில் 3 மி.மீ. என்று நெருக்கி அழகு பார்த்தால், கரடுமுரடான பாதையில் சேஸிஸ் நெளியும்போது விளிம்புகள் உரசிப் பெயின்ட் உரியும். இந்த வண்டியின் சேஸிஸ் நெளியத்தான் செய்யும், அதற்காகவே செய்யப்பட்ட வண்டி இது. ஆகவே நவீன கார்களைப் போல மயிரிழை இடைவெளி வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக, இடமும் வலமும் ஒத்திருந்தால் அதுவே இந்த வண்டிக்குரிய அழகு.

பெயின்ட்டுக்கு அனுப்பும் முன், தகடுகள் பூச்சில்லாமல் இருந்த நிலையிலேயே சில நாள் மேடுபள்ளமான பாதையில் ஓட்டிவிட்டு மறுபடி டிரில் பிட்டைச் செருகிப் பார்த்தேன். வலது கதவில் மேலும் கீழும் ஒரே இறுக்கம். இடது கதவின் அடியில் மட்டும் 1 மி.மீ. விரிந்திருந்தது, கீலுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய இடைத்தகடு ஒன்றை வைத்ததும் சரியாயிற்று. அதன் பிறகு எல்லாவற்றையும் முழுமையாக இறுக்கி, ஒவ்வொரு கீலின் தகட்டினூடாகவும் பல்க்ஹெட் தூணுக்குள் 3 மி.மீ. துளை ஒன்றை இட்டேன். பெயின்ட் முடிந்து திரும்ப மாட்டும்போது அந்தத் துளையில் ஆணியைச் செருகினால் கீல் இம்மியும் பிசகாமல் பழைய இடத்திலேயே அமரும். எடுத்த ஷிம்களைத் தனித்தனி உறைகளில் போட்டு, எந்தக் கீல், எத்தனை ஷிம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வலது மேல்கீலின் உறை காலியாக இருக்கிறது. அங்கே இப்போது ஷிம் எதுவும் தேவைப்படவில்லை.