ஆம்பூர் ஷூவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

சித்தி பொண்ணு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் டிசைன் பிரிவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு இந்தத் தை மாதம் வேலையை விட்டாள். இனி குடியாத்தத்தில் வீட்டிலிருந்தே செய்யப்போகிறாளாம். தோலை வெட்டித் தைப்பதற்கு முன்பே ஷூ எப்படி இருக்கும் என்று வெளிநாட்டு வாங்குபவர்களுக்குப் படமாகக் காட்டும் வேலை. ப்ளெண்டர், கீஷாட் என்ற இரண்டு 3டி மென்பொருள்கள்தான் அவள் கருவிகள். ஒரு ராத்திரி வாட்ஸ்அப்பில் கடைக்காரர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனைப் படமெடுத்து அனுப்பி, "அண்ணா, இதைப் பார்த்துச் சொல்லு, நாளைக்கு அட்வான்ஸ் கட்டணும்" என்றாள். நான் சத்துவாச்சாரியில் இன்ஜினியர்களுக்கு வீட்டு எலிவேஷன் 3டி போட்டுத் தருகிறவன், பத்து வருஷமாக என் மெஷின்களை நானே கோர்த்துக்கொள்கிறேன். அதனால் கேட்டாள்.

பேப்பரில் இருந்தது இது: இன்டெல் 14வது தலைமுறை ஐ7, பி760 போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஏதோ ஒரு கேபினெட். பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். போர்டின் மாடல் பெயரைக் கடைசி எழுத்து வரை படித்தேன், "டி4" என்று முடிந்தது, அதாவது டிடிஆர்4 ரேமுக்கான போர்டு. அந்த ப்ராசஸர் உட்காரும் இன்டெலின் 1700 சாக்கெட்டுக்கு டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு, பெயரின் முன்பாதி இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கும். டிடிஆர்5 ரேமில் பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் டிடிஆர்4 ஸ்லாட்டில் அது உட்காரவே உட்காராது. பணம் கட்டிய பிறகு கடைக்காரர் போர்டை மாற்றுவாரா, ரேமை மாற்றுவாரா, வித்தியாசப் பணம் யார் தருவது என்று இழுபறி ஆகியிருக்கும்.

ஆனால் என்னை உறுத்தியது அந்த 8 ஜிபி கார்டுதான். அவளிடம் ஒரே கேள்வி கேட்டேன், "பாப்பா, நீ இதுவரைக்கும் செஞ்சதிலயே பெரிய ஃபைல் எது?" அந்த ஃபைலைத் தெரியாமல் கம்ப்யூட்டர் வாங்குவது, காலை அளக்காமல் ஷூ தைக்கிற மாதிரி. யாராவது என்னிடம் "டிசைன் வேலைக்கு என்ன ப்ராசஸர் வாங்கலாம்" என்று ஆரம்பித்தால் நான் இப்படித்தான் திருப்பிக் கேட்பேன். ஃபைலிலிருந்து கார்டு, கார்டிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸும் கேபினெட்டும், அப்புறம்தான் மற்றது.

ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவில் ஃபைலைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். ஒரு ஆண்கள் ஷூ, இரண்டு வண்ணங்களில். அப்பருக்கு ஒரு தோல், லைனிங்குக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று, சோல், அப்புறம் தையல் நூல். அந்தத் தையலைப் பெரிதாக்கிக் காட்டினாள், ஒவ்வொரு தையலும் தோலை அழுத்திய இடத்தில் சின்னக் குழி, குழியின் ஓரத்தில் மெழுகுப் பளபளப்பு. வாங்குபவர்கள் அதைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார்களாம். அதனால் எல்லாத் தோலுக்கும் 8கே படங்கள்.

கணக்கு போட்டோம். 4கே படம் ஒன்று 4096 புள்ளி அகலம், 4096 புள்ளி உயரம். புள்ளிக்கு 4 பைட் என்று வைத்துக்கொண்டால் மெமரியில் 64 எம்பி. டிஸ்க்கில் ஜேபெக்காக 5 எம்பி இருந்தாலும் ரெண்டர் ஆகும்போது, அதாவது மாடலை கம்ப்யூட்டர் படமாக்கும்போது, கார்டின் மெமரியில் விரிந்து இவ்வளவு இடம் பிடிக்கும். 8கே என்றால் அதைப்போல நான்கு மடங்கு, 256 எம்பி. ஒரு தோலுக்கு நிறம், பளபளப்பு, மேடுபள்ளம் இரண்டு வகை என நான்கு படம், ஆக ஒரு தோலுக்கே 1 ஜிபி. அவள் ஃபைலில் இப்படி ஏழு இருந்தன. இதற்கு மேல் ஷூவின் வடிவம், வெளிச்சத்துக்கான எச்டிஆர் படம், விண்டோஸ் தனக்கென்று பிடித்துக்கொள்வது. என்னிடம் இருக்கும் 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060இல் திறந்து ரெண்டர் போட்டுவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம், கார்டின் மெமரி 10.4 ஜிபி என்று காட்டியது. 8 ஜிபி கார்டில் இது வழிந்து சாதாரண ரேமுக்குப் போகும், வேகம் படுத்துவிடும், இல்லாவிட்டால் மெமரி போதவில்லை என்று நின்றே போகும். கம்பெனியில் இருந்த மெஷின் ஏன் பாதியில் நின்றது என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. மூன்று வருஷமாகத் தன் ஃபைலில் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

அதனால் கார்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி. அதே பெயரில் 8 ஜிபியும் விற்கிறார்கள், பில்லில் 16 என்று எழுதி வாங்க வேண்டும். "5070 இன்னும் வேகமாமே அண்ணா?" என்றாள். வேகம்தான், ஆனால் அதில் 12 ஜிபிதான். இப்போதே 10.4 ஆகும்போது நாளைக்கு ஒரு ஜோடி ஷூவைச் சேர்த்து வைத்தால் என்ன செய்வாள்? கொஞ்சம் மெதுவாக முடியும் ரெண்டர், முடியாத ரெண்டரைவிட எவ்வளவோ மேல். என்விடியாதான் வேண்டும் என்று நான் நின்றதற்கும் காரணம் உண்டு. ப்ளெண்டரில் ரெண்டர் போடும் சைக்கிள்ஸில் ஏஎம்டி கார்டும் ஓடும், ஆனால் கீஷாட்டில் கார்டை வைத்து ரெண்டர் போடும் ஜிபியு முறை, 2019இல் 9வது பதிப்பில் வந்தது, என்விடியாவை வைத்துக் கட்டியது. அவள் பிழைப்பில் பாதி கீஷாட்.

ப்ராசஸரைப் பொறுத்தவரை, மாடல் செய்யும்போது பெரும்பாலும் ஒரு கோரின் வேகம்தான் கை கொடுக்கும், கீஷாட்டை சிபியுவில் (ப்ராசஸரில்) ஓட்டினால் இருக்கிற கோர் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். கார்டில் அடங்காத ஃபைல் வந்தால் சிபியுதான் கடைசிக் கதி, அதனால் அதை ஒரேயடியாகக் குறைக்கவும் முடியாது. ஏஎம்டியின் ரைசன் 9 7900 எடுத்தோம், 12 கோர். அதன் பெயருக்குப் பின்னால் எக்ஸ் போட்ட 7900எக்ஸும் 12 கோர்தான், ஆனால் அது 230 வாட் வரை இழுக்கும், எக்ஸ் இல்லாதது 88 வாட்டோடு நின்றுவிடும். வேகத்தில் உள்ள வித்தியாசம் இந்த வாட் வித்தியாசத்துக்கு ஈடே இல்லை. எங்கள் ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய பேச்சு சும்மா வந்ததில்லை, அந்தப் பாறை ராத்திரியும் அனல் அடிக்கும். ஏசி இல்லாத மாடி அறையில் 230 வாட் அடுப்பை எதற்குப் பற்றவைக்க வேண்டும்?

7900 உட்காருவது ஏஎம்5 சாக்கெட், அதற்கு டிடிஆர்5 மட்டும்தான், டி4 குழப்பமே கிடையாது. பி650 போர்டு போதும். 9000 வரிசை ப்ராசஸர் வாங்குகிறவர்கள் மட்டும் ஒன்று கவனிக்க வேண்டும், பழைய ஸ்டாக் பி650 போர்டில் பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பழசாக இருந்தால் அது ஆன் ஆகாது. பென் டிரைவ் செருகி ப்ராசஸரே இல்லாமல் பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டாகப் பார்த்து வாங்கினால் தப்பிக்கலாம்.

ரேமில் அவள் யோசனை 16 ஜிபி குச்சி நான்கு. ஸ்லாட் நான்கு இருக்கிறதே, நிரப்பிவிடலாமே என்று. ஆனால் 7000 வரிசைக்கு ஏஎம்டி சொல்லும் கணக்கே இரண்டு குச்சிக்கு 5200 வேகம், நான்கு குச்சிக்கு 3600தான். ஆகவே 32 ஜிபி குச்சி இரண்டு, எக்ஸ்போ (ஏஎம்டி போர்டில் ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பு) 6000, ஒரே டப்பாவில் ஜோடியாக வந்தது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதால் இங்கேதான் பட்ஜெட் இடித்தது. எஸ்எஸ்டியை 2 டிபியிலிருந்து 1 டிபி ஆக்கிச் சமாளித்தோம், எஸ்எஸ்டியை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். குச்சிகளை ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போட வேண்டும்.

கேபினெட்டைப் பலரும் கண்ணாடி, லைட்டு பார்த்து வாங்குகிறார்கள், நானும் 2021இல் அப்படித்தான் வாங்கினேன். கூலர் உயரம் 160 மில்லிமீட்டர், கேபினெட் தாங்குவது 155. அந்த ஐந்து மில்லிமீட்டருக்காகப் பக்கக் கண்ணாடி மூடவே இல்லை, அந்தக் கோடை முழுக்கத் திறந்தே ஓட்டினேன், ஆடிக் காற்றில் வந்த புழுதி கார்டின் ஃபேனில் கம்பளி மாதிரி படிந்துவிட்டது. இந்த முறை ஒரு தாளில் மில்லிமீட்டராக எழுதி வைத்துக்கொண்டோம்: கூலர் 155, கேபினெட் தாங்குவது 165, கார்டின் நீளம், அதற்கு உள்ளே இருக்கும் இடம். முன்பக்கம் வலை போட்ட கேபினெட், கண்ணாடி அடைத்தது வேண்டாம் என்று உறுதியாக இருந்தோம்.

எஸ்எம்பிஎஸ் கணக்கு எளிது. ப்ராசஸர் 88, கார்டு 180, மற்றதெல்லாம் சேர்த்து 70 வைத்தால் 340 வாட்டுக்குள். 550 போதும்தான். ஆனால் இரண்டு வருஷம் கழித்து 300 வாட் கார்டு போட ஆசைப்பட்டால் மறுபடி இதை மாற்ற வேண்டிவரும், அதனால் 750 வாட் கோல்டு. பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் ஒன்று என்னிடம் கிடந்தது, முனை பொருந்தியது, "இதையே போட்டுக்கலாமா அண்ணா" என்று எடுத்தாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். முனை ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரு நொடியில் எஸ்எஸ்டி போய்விடும்.

பார்ட்ஸ் எல்லாம் காட்பாடியில் காலை ரயில் பிடித்துப் போய் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினோம். பெட்டியில் உள்ள சீரியல் நம்பரையும் பில்லில் உள்ளதையும் அங்கேயே நின்று ஒத்துப்பார்த்தோம்.

குடியாத்தத்தில் கோர்த்து முதல் தடவை ஆன் செய்தபோது திரையில் ஒன்றுமே வரவில்லை. போர்டில் ரேமுக்கான சின்ன விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது, "அண்ணா, எரிஞ்சிடுச்சா?" எரியவில்லை. ஏஎம்5 போர்டு முதல் முறை ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும், அந்த நேரத்தில் அணைத்து அணைத்துப் போடுவதுதான் தப்பு. சித்தி காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் பயாஸ் வந்துவிட்டது. போய் எக்ஸ்போவை ஆன் செய்தோம், அதைச் செய்யாவிட்டால் 6000க்குக் காசு கொடுத்தும் ரேம் மெதுவாகவே ஓடும்.

சித்தப்பா வீட்டு இன்வெர்ட்டரில் கோர்த்துவிடலாம் என்றார். அது பழைய ஸ்கொயர் வேவ், கரண்ட் போய் மாறும் இடைவெளியும் அதிகம், வேண்டாம் என்று 1000 விஏ சைன் வேவ் யுபிஎஸ் தனியாக வாங்க வைத்தேன். விஏ என்பது வாட் இல்லை, இந்த அளவில் பெரும்பாலும் 600 வாட்தான் வரும், அது போதும். அதோடு அந்த அறையின் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை, கேபினெட்டில் விரல் பட்டால் லேசாக ஜிவ்வென்றது. மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் கம்பி இழுத்த பிறகுதான் ரெண்டர் போட விட்டேன்.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு அதே ஷூ, அதே 8கே, ஒன்றையும் குறைக்காமல் போட்டுப் படம் அனுப்பினாள். கூடவே டாஸ்க் மேனேஜரின் படமும், 16இல் 10.6. கார்டு சூடு 71 டிகிரி. அது மாசி மாதக் குளிரில் வந்த கணக்கு. சித்திரையில் இன்னொரு முறை பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் கார்டின் வாட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.