தண்ணீர் கேட்கும் அட்டை

சிறப்புக் கல்வியில் பி.எட். முடித்த பெண்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: தெரபி சென்டரில் கேஸ் மேனேஜர் வேலை கிடைத்திருக்கிறது, போகலாமா, அங்கே என்ன செய்ய வேண்டியிருக்கும்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

நான் நான்கு வருடம் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்துவிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தேன். தாம்பரம் பக்கம், ஆட்டிசமும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளுக்கான ஒரு தெரபி நிறுவனம். பெயர் வேண்டாம். என் பொறுப்பில் 22 குழந்தைகள். ஒரு குழந்தைக்குப் பேச்சுப் பயிற்சிக்கு ஒருவர், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கு ஒருவர், சிறப்புக் கல்விக்கு ஒருவர் என்று மூன்று பேர் இருப்பார்கள். வெளியே பள்ளி, வீட்டில் அம்மா அப்பா. இத்தனை பேரும் ஒரே குழந்தையைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று பார்த்துக்கொள்வதுதான் கேஸ் மேனேஜரின் வேலை. கேட்க எளிதாக இருக்கும். எனக்கு அது பிடிபட ஒரு வருடம் ஆனது.

முதல் வேலை இன்டேக், அதாவது புதிதாக வரும் குழந்தையின் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்வது. பிறந்தவுடன் அழுதானா, கழுத்து எப்போது நின்றது, குப்புற விழுந்தது எப்போது, பேசிக்கொண்டிருந்த சொல் ஏதாவது இடையில் நின்றுபோனதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். பேச்சு வரவில்லை என்று வரும் குழந்தைக்குக் காது கேட்கும் திறனைப் பரிசோதித்தாகிவிட்டதா என்று முதலிலேயே பார்த்துவிட வேண்டும். குழந்தையைத் தூங்க வைத்து எடுக்கும் பெரா டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. அதை எடுக்காமலே பல மாதம் பேச்சுப் பயிற்சிக்கு அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு கேள்வியை யாரும் விட்டுவிடாதீர்கள்.

இனி அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஐந்து வயது நிறைய இன்னும் சில மாதம் இருந்தது. பேச்சு இல்லை. அம்மா ஊரப்பாக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வாரம் மூன்று நாள் அழைத்து வருவார். படம் கொடுத்துக் கேட்கும் முறையில் அவனுக்குப் பயிற்சி நடந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படம் போட்ட சின்ன அட்டையைக் கோப்பிலிருந்து பிய்த்து எதிரே இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து நான் எழுதிய அறிக்கையில், பத்தில் எட்டு முறை உதவியில்லாமல் கேட்கிறான் என்று இருந்தது. எங்கள் சென்டரில் எல்லோருக்கும் சந்தோஷம்.

அம்மா அதைப் படித்துவிட்டு, "வீட்ல ஒரு தடவகூட கேட்டதில்லையே மிஸ்" என்றார்.

அவர் குறையாகச் சொல்லவில்லை, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அந்தக் கோப்பு எங்கள் அலமாரியில் இருந்தது. வீட்டில் அவன் தண்ணீர் கேட்க எதை எடுத்துக் கொடுப்பான்? மூன்று பேரிடம் தரவு வாங்கி நான் அறிக்கை எழுதியிருந்தேன். நாலாவது ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்குப் போவது எங்கள் வேலையில் எழுதப்படாத விஷயம், தடையும் இல்லை. சின்ன ஹால். மூலையில் ஸ்டாண்டில் கவிழ்த்த தண்ணீர் கேன், பக்கத்தில் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் பாட்டி. பையன் கேன் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். பாட்டி டம்ளரில் பிடித்து வாயருகே கொண்டுபோய்விட்டார். அரை மணி நேரத்தில் இது மூன்று முறை நடந்தது. அவன் கேட்க வேண்டிய தேவையே அந்த வீட்டில் இல்லை. பாட்டி அவன் முகத்தைப் படித்துவிடுகிறார். சென்டரில் எங்களால் அப்படிப் படிக்க முடியாததால்தான் அவன் அட்டையை எடுத்தான்.

கொண்டு போயிருந்த அட்டையைக் கேனில் ஒட்டினேன். அவன் கொடுத்தால் மட்டும் தண்ணீர் தரலாம், கொஞ்சம் காத்திருங்கள் பாட்டி என்றேன்.

"பச்சப் புள்ள தவிச்ச வாயோட நிக்க, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றார் பாட்டி.

அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. சரி, கொடுக்காமல் இருக்க வேண்டாம், ஐந்து எண்ணுகிற வரை மட்டும் பொறுங்கள், அப்புறமும் அவன் எடுக்கவில்லை என்றால் அவன் கையைப் பிடித்து நீங்களே எடுக்க வையுங்கள், பிறகு கொடுங்கள் என்றேன். எண்ணினால் வேகமாகப் போய்விடுகிறது என்று அவரே சொல்லி, "முருகா"வை ஐந்து தரம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பார்த்தார். எங்கள் தெரபிஸ்ட் வைத்திருக்கும் டைமரைவிட அது நிதானமாகத்தான் இருந்தது. பதினோராவது நாள் அம்மா ஒரு வீடியோ அனுப்பினார். நாலாவது முருகாவில் அட்டை பாட்டியின் கைக்கு வந்துவிட்டது. பாட்டி தண்ணீரைக்கூட மறந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்தக் குழந்தைக்கு இலக்கு எழுதினாலும், வீட்டில் இதை யார் செய்யப்போகிறார்கள், எந்த நேரத்தில், எந்தப் பாத்திரத்தோடு என்று மூன்றும் தெரியாமல் நான் எழுதுவதில்லை.

அடுத்தது சான்றிதழ். மாற்றுத்திறனாளி சான்றிதழ் என்ற சொல்லை எடுத்தவுடனே பாதிப் பெற்றோர் எழுந்து போய்விடுவார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகள் கிடைக்கும் என்று சொன்னால், "பையன் பேர்ல அப்படி ஒரு கார்டு வேணாம்" என்பார்கள். இந்தப் பையனின் அப்பாவும் அதையேதான் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை. வருமான வரியில் பழைய முறையில் கட்டுபவருக்கு அப்போதைய 80டிடி பிரிவில் 75,000 ரூபாய் கழிவு உண்டு, நிராமயா என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, அதில் தெரபி செலவிலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மாதாமாதம் தெரபிக்கு எவ்வளவு போகிறது என்பது அவருக்கு மனப்பாடம். இரண்டு வாரம் கழித்து அவரே ஃபோன் செய்து, "அந்த யுடிஐடிக்கு என்னென்ன பேப்பர் வேணும்?" என்றார். பணத்தின் வழியாக ஏற்றுக்கொண்டாலும் அது ஏற்றுக்கொள்வதுதான்.

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அதற்கும் சான்றிதழுக்கும் ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பம் போடுவது பெரிய கஷ்டமில்லை. ஆதார், ஃபோட்டோ, எந்த மருத்துவமனை என்ற விவரம், அவ்வளவுதான். கஷ்டம் மதிப்பீட்டு நாளில்தான். ஆட்டிசத்துக்கு ஐசா என்ற இந்திய அளவுகோலில் பார்ப்பார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். முதல் கேள்வியே கண் பார்த்துப் பழகுவதைப் பற்றி. எப்போதாவது இப்படியா, அடிக்கடியா, எப்போதுமா என்று கேட்கும்போது அம்மாக்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்வார்கள். பொய் இல்லை, பாசம். பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேச நாக்கு வராது. இந்த அம்மாவை ஒரு வாரம் டைரி எழுதச் சொன்னேன். எத்தனை முறை கூப்பிட்டோம், எத்தனை முறை திரும்பினான், இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான், எதற்கு அழுதான், எவ்வளவு நேரம் அழுதான். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் அக்கா என்றேன்.

அரசு மருத்துவமனையில் அன்று காலை எட்டரைக்குப் போய் மதியம் இரண்டு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். பையன் பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்த பார்வையில் அம்மா கூனிக் குறுகிப் போனார். உள்ளே போனபோது உளவியலாளர் கேட்க, அவர் முதல் இரண்டு பதிலையும் வழக்கம்போலக் குறைத்துச் சொன்னார். மூன்றாவது கேள்விக்கு நிறுத்தினார். பையிலிருந்து டைரியை எடுத்து அப்படியே மேஜையில் வைத்துவிட்டார். 60 சதவீதம் என்று வந்தது. பிறகு மஞ்சள் பட்டை போட்ட கார்டு தபாலில் வந்ததும் எனக்கு ஃபோட்டோ அனுப்பினார், கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நானும் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

வேலையில் எனக்கு ஒத்துவராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதல் கேள்வி, போன வாரம் எத்தனை செஷன் ரத்தானது என்பதுதான். இந்தப் பையனுக்கு மூன்றை ஐந்தாக்கச் சொல்லுங்கள் என்று மேலிருந்து இரண்டு முறை சொன்னார்கள். ஐந்து செஷன் தேவைப்படும் குழந்தைகள் உண்டு, அவர்களுக்கு நானே கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் வீட்டில் ஒரு பாட்டி நாள் முழுக்கப் பயிற்சி கொடுக்கத் தயாராக இருக்கும்போது, அந்த அம்மாவை இன்னும் இரண்டு நாள் கூட்ட நெரிசலில் ரயில் ஏற்றுவது நியாயமாக எனக்குப் படவில்லை. மூன்றே போதும், அதில் ஒன்றில் பாட்டியும் வந்து உட்காரட்டும் என்று கேஸ் ஷீட்டில் காரணத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேரில் திட்டவில்லை. அந்த வருடம் சம்பள உயர்வு மட்டும் வரவில்லை. வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள்: செஷன் எண்ணிக்கையை முடிவு செய்வது கேஸ் மேனேஜரா, மேலாளரா? பதில் மழுப்பலாக இருந்தால் யோசியுங்கள். கூடவே, பேச்சுப் பயிற்சியாளருக்கும் சிறப்புக் கல்வி ஆசிரியருக்கும் ஆர்.சி.ஐ. என்ற இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர்கள் செய்யும் வேலைக்குப் பெற்றோரிடம் பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

ஒன்றரை வருடத்தில் நான் வேறு இடத்துக்கு மாறினேன். 22 கோப்புகளையும் ஒப்படைக்க ஒரு வாரம் கொடுத்தார்கள். பத்து நாள் எடுத்துக்கொண்டேன். புதிதாக வரும் பெண்ணுக்கு அந்தக் குழந்தைகளைத் தெரியாது, அறிக்கையில் இருக்கும் சதவீதத்தை வைத்து எதையும் புரிந்துகொள்ள முடியாது. அதனால் ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் கையால் சில வரிகள் எழுதினேன். ஊரப்பாக்கம் பையன் கோப்பில் இருந்தது இதுதான்:

"தண்ணீர், பிஸ்கட், ஃபேன் மூன்றுக்கும் வீட்டிலும் அட்டை கொடுக்கிறான். அட்டை கேனில் ஒட்டியிருக்கும், கிழிந்தால் புதிது அனுப்பவும். பாட்டி ஐந்து முறை முருகா சொல்லிக் காத்திருப்பார். டைமர் கொடுக்க வேண்டாம்."