கொடை நாளின் பணம் அன்றைக்குத் திரள்வதில்லை

கிவிங் டியூஸ்டே என்ற உலகக் கொடை நாள் நெருங்குகிறது என்றதும் பல தொண்டு நிறுவனங்களில் முதலில் தொடங்குவது போஸ்டர் வேலை. அப்புறம் ஹேஷ்டேக், கவுன்ட்டவுன், நிர்வாகி கேமராவைப் பார்த்துப் பேசும் ஒரு வீடியோ. இவை எல்லாம் கடைசி வாரத்து வேலைகள். செய்யாமலே விட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை. பணத்தைத் தீர்மானிக்கும் வேலை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, சத்தமில்லாமல், தொலைபேசியில் நடக்க வேண்டியது.

நியூயார்க்கின் 92ஆம் தெரு ஒய் என்ற பண்பாட்டு மையமும் ஐ.நா. பவுண்டேஷனும் 2012இல் தொடங்கியது இந்த நாள். அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை. அதனால் எப்போதும் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் விழும். இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதுவேதான் சிக்கலும்: அன்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு நன்கொடையாளரின் இன்பாக்ஸில் காலையிலேயே பத்து வேண்டுகோள்கள் வரிசை கட்டி நிற்கும். உங்கள் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் பெரும்பாலும் கொடுக்க மாட்டார். ஏற்கெனவே தெரிந்தவர் கொடுப்பார், அல்லது தெரிந்தவருக்குத் தெரிந்தவர். எல்லாத் திட்டமும் இதிலிருந்து தொடங்கட்டும். சிறிய அமைப்பு என்றால் இந்தச் செவ்வாயை விட்டுவிட்டு, உங்கள் நிறுவன நாளையே கொடை நாளாக வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. பொதுநாளின் விளம்பர அலை கிடைக்காது. ஆனால் போட்டியும் இருக்காது.

இலக்கை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் 40 முதல் 50 வரை, நாள் விடிவதற்கு முன்பே யாரோ சிலரின் உறுதிமொழியாகக் கையில் இருக்க வேண்டும். பூஜ்யத்தில் நிற்கும் இணையக் கொடைப் பக்கத்தில் முதல் ஆளாகக் கொடுக்கப் பலருக்குத் தயக்கம். இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காக நடந்த ஒரு கள ஆய்வு 2002இல் வெளியானது. இலக்கில் 10 விழுக்காடு ஏற்கெனவே திரண்டுவிட்டது என்று சொன்ன கடிதங்களைவிட, 67 விழுக்காடு திரண்டுவிட்டது என்று சொன்ன கடிதங்களுக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு பணம் வந்தது. ஆகவே பக்கத்தை முந்தைய நாளே ஓசையின்றித் திறந்து, அறங்காவலர்கள், ஊழியர்கள், தன்னார்வலர்கள் எல்லோரையும் முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். தொகை முக்கியமில்லை. அறங்காவலர்களில் ஒருவர்கூட விடுபடக் கூடாது என்பது முக்கியம். தாங்களே கொடுக்காத ஒன்றை அவர்களால் பிறரிடம் கேட்க முடியாது.

அந்த 40–50 எங்கிருந்து வரும்? கடந்த இரண்டு ஆண்டுகளின் பட்டியலில் முதல் பத்து, பதினைந்து பெயர்களிடமிருந்து. எப்படியும் ஆண்டு முடிவதற்குள் கொடுக்கப்போகிறவர்கள் இவர்கள். அவர்களிடம் “கொடுங்கள்” என்று மட்டும் கேட்காமல், “உங்கள் தொகையை அன்று மற்றவர்களை இழுக்கும் மேட்ச்சிங் நிதியாக வைத்துக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். மற்றவர்கள் தரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இவர் தன் பங்கைச் சேர்ப்பதுதான் மேட்ச்சிங். ஒப்புக்கொண்டால் ஒரே பத்தியில் எழுதி வாங்குங்கள்: எவ்வளவு, என்ன நிபந்தனை, உச்சவரம்பு என்ன, எந்தத் தேதிக்குள் பணம் வரும், பெயரை வெளியிடலாமா. வாய்ப்பேச்சோடு விட்ட மேட்ச்சிங், நாள் முடிந்ததும் “நான் அப்படிச் சொல்லவில்லையே” என்று திரும்பி வரும்.

மேட்ச்சிங்கில் பலரும் சறுக்கும் இடம் விகிதம். ஒன்றுக்கு மூன்று என்றால் கூட்டம் கூடும் என்று நினைக்கிறார்கள். 2007இல் வெளியான, 50,000 பேருக்குக் கடிதம் அனுப்பிச் செய்த ஆய்வு ஒன்று இதை நேரடியாகப் பார்த்தது. மேட்ச்சிங் இருக்கிறது என்று சொன்னதும் கொடுப்பவர்கள் 22 விழுக்காடும், ஒரு கடிதத்துக்கு வந்த சராசரித் தொகை 19 விழுக்காடும் கூடின. ஆனால் ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு மூன்று என்று ஏற்றியதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. எனவே பெரிய நன்கொடையாளர் தாராளமாக மும்மடங்கு தர முன்வந்தால், அதே பணத்தை ஒன்றுக்கு ஒன்றாக நீட்டி மூன்று மடங்கு தொகைக்குப் பயன்படுத்துங்கள்.

இன்னொரு சறுக்கல் நேர்மை பற்றியது. பொதுமக்கள் ஒரு காசு தராவிட்டாலும் அந்தப் பெரிய தொகை வந்தே தீரும் என்றால், “உங்கள் பணம் இரட்டிப்பாகும்” என்பது பொய். அப்போது “இவ்வளவு ஏற்கெனவே திரண்டுவிட்டது” என்று உள்ளதைச் சொல்லலாம். மேலே சொன்ன முதல் ஆய்வின்படி அதுவே நன்றாக வேலை செய்யும். மேட்ச்சிங்குக்குப் பதிலாக ஆள் கணக்கில் நிபந்தனை வைப்பதும் உண்டு: “200 பேர் கொடுத்தால் இந்தத் தொகை திறக்கும்.” சிறு தொகை கொடுப்பவர்கள் அதிகமுள்ள அமைப்புகளுக்கு இதுதான் பொருத்தம். மிகக் குறைவாகக் கொடுப்பவரும் 200இல் ஒருவர் ஆகிறார், அல்லவா?

அதிகம் பேசப்படாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. என் கணிப்பில் இதுவே சிறந்தது. பெரிய நன்கொடையை வாடகை, சம்பளம், நிர்வாகம் ஆகியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, “நிர்வாகச் செலவை ஒருவர் ஏற்றுக்கொண்டார், நீங்கள் தருவது முழுவதும் பணிக்கே போகும்” என்று சொல்வது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 40,000 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். சாதாரண வேண்டுகோளுக்கு 3.36 விழுக்காட்டினரும், தொடக்க நிதி (ஏற்கெனவே ஒருவர் கொடுத்த தொகை) இருக்கிறது என்றதற்கு 4.75 விழுக்காட்டினரும், மேட்ச்சிங்குக்கு 4.41 விழுக்காட்டினரும் கொடுத்தார்கள். நிர்வாகச் செலவு தீர்ந்தது என்ற கடிதத்துக்கு 8.55 விழுக்காடு. பெரிய நன்கொடையாளரிடமிருந்து வந்தது பின்னுள்ள மூன்றிலும் ஒரே தொகைதான். சொன்ன விதம்தான் வேறு. இதைச் செய்வதானால் நிர்வாகச் செலவு உண்மையிலேயே அந்தத் தொகைக்குள் அடங்குகிறதா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மேட்ச்சிங் நிதி முழுவதையும் காலையிலேயே திறந்துவிடாதீர்கள். 2018 கிவிங் டியூஸ்டேயில் பேஸ்புக்கும் பேபாலும் அறிவித்த 70 லட்சம் டாலர் மேட்ச்சிங் சில விநாடிகளில் தீர்ந்தது. உங்கள் அளவில் விநாடியில் தீராது; ஆனால் காலை ஒன்பதுக்குள் தீர்ந்துவிட்டால் மீதி நாள் முழுக்கச் சொல்வதற்கு எதுவும் இருக்காது. காலை, மதியம், மாலை, கடைசி மூன்று மணி நேரம் என்று நான்காக வெட்டுங்கள். மாலைக்கும் இரவுக்கும் பெரிய பங்கை வையுங்கள். மதியத்துக்கு ஏற்படும் தொய்வுக்கு ஆள்-கணக்கு நிபந்தனை நல்ல மருந்து.

எதற்காகக் கேட்கிறோம் என்பது ஒரு வரியில் அடங்க வேண்டும். “கல்விப் பணிக்கு” என்று கேட்டால் யாருக்கும் எதுவும் தோன்றாது. “40 பிள்ளைகளுக்கு ஓராண்டு மாலை வகுப்பு” என்றால் புரியும். ஆனால் குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்கிய பணத்தை வேறு எதற்கும் செலவழிக்க முடியாது. 40 பிள்ளைகளுக்கு வேண்டியதைவிட அதிகம் வந்தால் என்ன செய்வீர்கள்? “தேவைக்கு மேல் வருவது எங்கள் பிற பணிகளுக்குச் செலவிடப்படும்” என்ற வாக்கியம் பக்கத்தின் அடியில் கட்டாயம் இருக்கட்டும். நாளுக்குப் பிறகு சேர்த்தால் செல்லாது.

பக்கத்தில் காட்டும் தொகைகளை ஊகத்தில் போடாதீர்கள். போன ஆண்டின் நன்கொடைகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நட்டநடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு பெரிய தொகை அதை இழுத்துக்கொண்டு போய்விடும். நடுத்தொகை, அதன் ஒன்றரை மடங்கு, மூன்று மடங்கு, ஆறு மடங்கு என்று நான்கு பொத்தான்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அந்தத் தொகை என்ன செய்யும் என்று நான்கைந்து சொற்கள். “வேறு தொகை” என்ற கட்டமும் வேண்டும்.

அடுத்தது தூதர்கள். நிறுவனத்தின் பதிவை ஆயிரம் பேர் பகிர்வதைவிட, 25 பேர் தங்கள் ஆட்களிடம் நேரில் கேட்பது அதிகப் பணம் கொண்டுவரும். மாதம் ஒன்று இருக்கும்போதே அந்த 25 பேரைத் தேர்ந்தெடுங்கள். “பகிருங்கள்” என்று கேட்காதீர்கள், “ஐந்து முதல் எட்டு பேரிடமிருந்து கொடை கொண்டுவர முடியுமா?” என்று எண்ணிக்கை வைத்துக் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி இணைப்பு, இரண்டு படங்கள், அவர் தன் பேச்சுமொழியில் மாற்றிக்கொள்ளும்படி மூன்று குறுஞ்செய்திகள். நீங்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒட்டினால் அது விளம்பரம் போலத்தான் இருக்கும். முதல் கொடையை அவரே தன் இணைப்பில் போட்டுவிட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் குழுக்களுக்கு ஃபார்வர்டு செய்வது கிட்டத்தட்ட வீண். குழுவில் கேட்டால் யாரிடமும் கேட்டதாகாது. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்கலாம், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லித் தனியாக எழுதுவதற்கு மாற்று இல்லை. க்யூஆர் கோடு படத்தை மட்டும் அனுப்புவது இன்னொரு பழக்கம். போனில் வந்த படத்தை அதே போனால் ஸ்கேன் செய்வது எளிதா? அச்சிட்ட தாளுக்குக் கோடு; செய்திக்கு இணைப்பு.

மின்னஞ்சலுக்கு முன்தயாரிப்பு அதிகம் தேவை. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கின்றன. ஒரு நாளைக்கு 5,000க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் அமைப்புகள்) மூன்றும் உங்கள் டொமைனில் அமைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 விழுக்காட்டைத் தொடக் கூடாது. குறைவாக அனுப்புகிறவர்களும் அமைத்துவிடுவது நல்லது. ஆண்டு முழுக்க மௌனமாக இருந்துவிட்டு அன்று திடீரென்று ஆயிரக்கணக்கில் அனுப்பினால் நேராக ஸ்பாமுக்குப் போகும். இரண்டு மாதம் முன்பிருந்தே, எதுவும் கேட்காமல், பணிச் செய்திகளை அனுப்பிப் பழக்குங்கள். கடிதம் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். அடியில் வைத்த கொடைப் பொத்தான் காணாமல் போகும். ஒரு வாரம் முன், முந்தைய நாள், காலை, மதியம், கடைசி நான்கு மணி நேரம் என ஐந்து கடிதங்கள் போதும். காலையில் கொடுத்தவருக்கு மதியம் மீண்டும் “இன்னும் கொடுக்கவில்லையா?” என்று போகக் கூடாது. ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் கொடுத்தவர் பட்டியலைக் கழிக்க ஓர் ஆளை நியமித்துவிடுங்கள்.

பணம் வாங்கும் பக்கத்தை விலை மலிந்த போனில், மெதுவான இணைப்பில் திறந்து பாருங்கள். பெயர், மின்னஞ்சல், தொகை, வரி ரசீதுக்குச் சட்டம் கேட்கும் விவரம். இதற்கு மேல் ஒரு கட்டம்கூட வேண்டாம். அட்டை, வங்கிப் பரிமாற்றம், வாலட் என ஒவ்வொரு வழியிலும் வெவ்வேறு ஆட்கள் சிறு தொகை கட்டி, ரசீது வருகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டணச் சேவை நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; வழக்கத்துக்கு மாறாகத் திடீரென்று பணம் குவிந்தால் அவர்களது பாதுகாப்பு ஏற்பாடு கணக்கை நிறுத்திவைக்கும். திருட்டு அட்டைகள் வேலை செய்கின்றனவா என்று சோதிப்பவர்களுக்கும் நன்கொடைப் பக்கங்கள்தான் விருப்பமான இடம்: நிமிடத்துக்குப் பத்து, இருபது மிகச் சிறு தொகைகள் வந்தால் அது அன்பு வெள்ளம் இல்லை. குறைந்தபட்சத் தொகையும், கட்டுவது மனிதரா இயந்திரமா என்று பார்க்கும் கேப்ட்சாவும் இருந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். வெளிநாட்டுப் பணத்தை வாங்க உங்கள் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்பதையும் முன்பே பாருங்கள். தெரியாமல் வாங்கியது பிறகு தலைவலி.

மாற்றுத் தளம் ஒன்றும் தயாராக இருக்கட்டும். 2016 மே 3 அன்று அமெரிக்காவில் பல ஊர்களின் கொடை நாட்கள் ஒரே தளத்தை நம்பி இருந்தன. தளம் மணிக்கணக்கில் முடங்கியது. உங்கள் இணையதளத்திலிருந்து போகும் முகவரியை உங்கள் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டால், இரண்டு நிமிடத்தில் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடலாம். தளத்தின் நேரடி இணைப்பை எல்லாக் கடிதத்திலும் அச்சடித்துவிட்டால் முடியாது.

மற்ற யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டு ஆண்டுகளாகக் கொடுக்காத பழையவர்களை அழைப்பது, நேரத்துக்கு நல்ல பலன் தரும். மாதந்தோறும் கொடுப்பவர்களைச் சேர்க்க இந்த நாள் ஏற்றது. அதற்கென ஒரு மேட்ச்சிங்கைத் தனியாக வையுங்கள். ஆன்லைன் ஏலத்தில் பொருள் திரட்டுவது, படம் எடுப்பது, அனுப்புவது எனப் பாதி உழைப்பு போய்விடும். பெரிய குழு இல்லையென்றால் தொடாதீர்கள். பன்னிரண்டு மணி நேர நேரலையும் அப்படித்தான், பார்ப்பவர்களில் பாதிப்பேர் உங்கள் ஊழியர்களாகவே இருப்பார்கள்.

முடிந்த மறுநாள் காலை முதல் வேலை, தோல்வியடைந்த கட்டணங்கள். மனமிருந்தும் அட்டை மறுத்ததால் நின்றுபோனவர்கள் அவர்கள். 24 மணி நேரத்துக்குள் எழுதினால் பலர் மீண்டும் முயல்வார்கள். 48 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் நன்றி. முதன்முறை கொடுத்தவர்களுக்கு முடிந்தால் தொலைபேசியில், வேறு எதுவும் கேட்காமல். இரண்டு மூன்று மாதம் கழித்து, பணம் என்ன ஆயிற்று என்று ஒரு பக்கக் கடிதம். மேட்ச்சிங் கொடுத்தவருக்கு எத்தனை பேர், எவ்வளவு, எந்த நேரத்தில் நிபந்தனை நிறைவேறியது என்ற கணக்கு, பணம் தர அவர் ஒப்புக்கொண்ட தேதிக்கு முன்பே போய்ச்சேர வேண்டும்.

மொத்தத்தை அறிவிக்கும் முன் வங்கிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். தளம் காட்டும் எண்ணில் கட்டணக் கழிவு இருக்காது. மேட்ச்சிங் இரண்டு முறை சேர்ந்திருக்கலாம். நேரில் வந்த காசோலைகள் விடுபட்டிருக்கலாம். பொதுமக்கள் தந்தது, மேட்ச்சிங், இன்னும் வந்துசேராத உறுதிமொழி என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். மணிக்கு மணி வந்த தொகையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு மேட்ச்சிங்கை எந்த நேரத்துக்குப் பிரிப்பது என்று அதைப் பார்த்தால் தெரியும்.