ஆறு மாதம் வரியே பிடிக்கவில்லை

2023 அக்டோபரில் வேலை மாறினேன். பழைய இடத்தில் மாதம் ஒரு லட்சம் சம்பளம், அதில் 7,150 ரூபாய் வரி பிடித்தார்கள். புதிய இடத்தில் 1,20,000. முதல் சம்பளச் சீட்டைத் திறந்தால் வருமான வரிக் கட்டத்தில் சுழியம். நவம்பரிலும் அதேதான். கேட்டால் பிடித்துவிடுவார்களோ என்று வாயைத் திறக்கவில்லை. பொங்கலுக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கினோம்.

அடுத்த ஜூலையில் இரண்டு நிறுவனங்களும் கொடுத்த ஃபார்ம் 16-ஐயும், அதாவது சம்பளம், பிடித்த வரி பற்றிய சான்றிதழ்களையும் வைத்துக்கொண்டு ரிட்டர்ன் போட உட்கார்ந்தேன். இன்னும் 71 ஆயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும் என்றது திரை. மொத்தச் சம்பளம் 13.2 லட்சம், சம்பளக்காரர்களுக்குப் பொதுவாகக் கழித்துத் தரும் நிலையான கழிவு 50,000 போக 12.7 லட்சம். 12 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படியானால் 2,54,000 அல்லவா வர வேண்டும்? எதை நம்புவது என்று தெரியாமல் தெருமுனை ஆடிட்டரிடம் ஓடினேன்.

அவர் நாள்காட்டித் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதினார். "தம்பி, எல்லாவற்றுக்கும் 20 இல்லை. முதல் 3 லட்சத்துக்கு ஒன்றுமில்லை. 6 வரை 5 சதவீதம், 15,000. 9 வரை 10, அது 30,000. 12 வரை 15, அது 45,000. மிச்சமுள்ள 70,000-க்கு மட்டும்தான் 20, அது 14,000." கூட்டினால் 1,04,000. வரியின் மேல் விழும் நான்கு சதவீத செஸ்ஸோடு 1,08,160.

இதெல்லாம் 2023-24 நிதியாண்டில் இருந்த புதிய வரிமுறைக் கணக்கு. பிடித்தம் வேறு கதை. பழைய நிறுவனம் என் ஆண்டு வருமானம் 12 லட்சம் என்று வைத்து, அதற்கான வரி 85,800-ஐப் பன்னிரண்டாக வகுத்துப் பிடித்தது. ஆறு மாதத்தில் 42,900. புதிய நிறுவனத்தைப் பொறுத்தவரை நான் அக்டோபரில்தான் பிறந்தவன். அவர்கள் கொடுத்தது 7.2 லட்சம், கழிவு போக 6.7. ஏழு லட்சத்துக்குள் இருந்ததால் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவுத் தள்ளுபடி கொடுத்து வரியைச் சுழியமாக்கிவிட்டார்கள். ஒரே கழிவையும் வரியில்லாத அதே 3 லட்சத்தையும் இரண்டு இடத்திலும் அனுபவித்திருக்கிறேன்.

பழைய சம்பளத்தைத் தெரிவிக்க 12பி என்று ஒரு படிவம் அப்போது இருந்தது. வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய காகிதக் கட்டில் அதுவும் இருந்தது. கட்டாயமா என்று கேட்டேன், "விருப்பம்தான்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

பாக்கி 65,260. அதுகூட நான் கட்டியிருக்க வேண்டிய வரிதான். ஆண்டு முடிவதற்குள் தவணையாக முன்கூட்டி வரி கட்டவில்லை என்று 234பி, 234சி பிரிவுகளில் விழுந்த கிட்டத்தட்ட 5,900 ரூபாய் வட்டிதான் வயிற்றெரிச்சல். இரண்டும் சேர்ந்ததுதான் திரை காட்டிய 71 ஆயிரம். மார்ச் மாதமே 12பி கொடுத்திருந்தால்கூடக் கடைசிச் சம்பளத்தில் பிடித்து முடித்திருப்பார்கள்.

வரி கட்டும் சலானில் மதிப்பீட்டு ஆண்டு (சம்பாதித்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு) 2024-25, வகை 300, அதாவது நாமே கணக்கிட்டுக் கட்டும் சுயமதிப்பீட்டு வரி என்று தேர்ந்தெடுக்கும்வரை ஆடிட்டர் பக்கத்திலேயே நின்றார். ஆண்டை மாற்றிப் போட்டுவிட்டு அலைகிறவர்கள் நிறையப் பேராம். ஜூலை 31-க்கு இரண்டு நாள் முன்னால் சலான் எண்ணைச் சேர்த்து ரிட்டர்னை அனுப்பினேன். பாக்கி சுழியம் என்று வந்தது.