ரூட் பிரிட்ஜ் எது என்று நாம்தான் சொல்ல வேண்டும்

எந்தப் புது சைட்டுக்குப் போனாலும், நெட்வொர்க் ஸ்விட்சில் லாகின் ஆனதும் நான் முதலில் பார்ப்பது ரூட் பிரிட்ஜ் எது என்பதைத்தான். ஸ்விட்சுகளுக்கு இடையே ஒன்றுக்கு மேற்பட்ட வழி இருந்தால் டிராஃபிக் வட்டமடிக்கும், அதுதான் லூப்; அதைத் தடுக்க ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு உபரி வழிகளை பிளாக் செய்யும், எது உபரி என்பதை ரூட் பிரிட்ஜ் என்ற ஒரு ஸ்விட்சை மையமாக வைத்துத்தான் கணக்கிடும். பல இடங்களில் அதை யாரும் முடிவு செய்திருக்கவே மாட்டார்கள். பிரையாரிட்டி எண் எதில் சின்னதோ அதுதான் ரூட், ஆனால் எல்லா ஸ்விட்சிலும் அது 32768 என்று அப்படியே கிடக்கும், எல்லாம் சமம் என்றால் எதன் மேக் அட்ரஸ் (பெட்டியிலேயே பதிந்து வரும் எண்) சின்னதோ அதுதான் ரூட், பெரும்பாலும் பழைய பெட்டிகளுக்குத்தான் சின்ன மேக் இருக்கும்.

கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் அப்படித்தான் இருந்தது. புதிதாக வாங்கிப் போட்ட இரண்டு கோர் ஸ்விட்ச் (மற்ற எல்லா ஸ்விட்சும் வந்து சேரும் மையப் பெட்டி), நடுவில் 10 ஜிபிபிஎஸ் இணைப்பு, ஒவ்வொரு கட்டிடத்துக்கும் இரண்டு கோரிலிருந்தும் ஃபைபர். ஆனால் ரூட்டாக உட்கார்ந்திருந்தது பஞ்சு குடோனில் பிசிகளை இணைக்க வைத்திருந்த பழைய ஆக்சஸ் ஸ்விட்ச். இரண்டு கோருக்கும் ரூட்டை அடைய நேர்வழி குடோன் பக்கம்தான் என்பதால், கோர்களுக்கு இடையிலான அந்த 10 ஜிபிபிஎஸ் இணைப்பையே ஸ்பானிங் ட்ரீ பிளாக் செய்துவிட்டது, கோரிலிருந்து கோருக்குப் போக வேண்டிய டிராஃபிக் எல்லாம் 1 ஜிபிபிஎஸ் வழியாகக் குடோனைச் சுற்றிப் போனது. சர்வர் ஸ்லோ என்று புகார் வராமல் என்ன செய்யும்? 1985-ல் டெக் என்ற கணினி நிறுவனத்தில் ராடியா பெர்ல்மன் இந்த அல்காரிதத்தை உருவாக்கியபோது, யாரும் எதையும் செட் செய்யாவிட்டாலும் தானாக வேலை செய்யும்படிதான் உருவாக்கினார், இங்கேயும் அது தன் வேலையைச் சரியாகவே செய்தது, லூப் இல்லை. நல்ல வழி எது என்று நாம் சொன்னால்தானே அதற்குத் தெரியும். வார விடுமுறையில் முதல் கோருக்குப் பிரையாரிட்டி 4096, இரண்டாவதற்கு 8192 கொடுத்தோம், அவ்வளவுதான்.

அதைவிட என்னைப் பதற வைத்தது ஆபீஸ் மாடியில் இருந்த ஸ்விட்ச். அதில் ஸ்பானிங் ட்ரீயையே யாரோ ஆஃப் செய்திருந்தார்கள். காலையில் பிசியை ஆன் செய்தால் ஐபி கிடைக்கவில்லை என்ற புகாருக்கு அது தீர்வாம். ஸ்பானிங் ட்ரீயின் பழைய வடிவமான 802.1டி-யில் போர்ட் மேலே வந்ததும் டிராஃபிக்கை விடுவதற்கு முன் லிசனிங் 15 விநாடி, லேர்னிங் 15 விநாடி, அந்த அரை நிமிஷத்துக்குள் பிசி ஐபி தரும் டிஹெச்சிபி-யைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும், அது உண்மைதான். ஆனால் அதற்கு மருந்து, அந்தக் காத்திருப்பு இல்லாமல் போர்ட்டை உடனே திறந்துவிடும் போர்ட்ஃபாஸ்ட். ஸ்பானிங் ட்ரீயை ஆஃப் செய்தால் லூப்பைத் தடுக்க யாரும் இல்லை. ஈதர்நெட் ஃபிரேமில் ஐபி-யில் இருப்பது போல டிடிஎல் (இத்தனை தாவலுக்குப் பின் அழிந்துவிடு என்ற எண்) கிடையாது, லூப்பில் மாட்டிய பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் போகும் ஃபிரேம்) யாராவது கேபிளைப் பிடுங்கும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். மேஜையை நகர்த்துபவர் தொங்கும் வயரின் மறுமுனையையும் சுவர் சாக்கெட்டில் சொருகிவிட்டால் முடிந்தது கதை. மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டி நெட்வொர்க் வளர்ந்துபோய், நாட்கணக்கில் எல்லாம் முடங்கி, டாக்டர்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள்.

ஆகவே ஸ்பானிங் ட்ரீயின் வேகமான புது வடிவமான ராபிட் ஸ்பானிங் ட்ரீயை ஆன் செய்து, பிசி, பிரிண்டர் போர்ட்களில் மட்டும் போர்ட்ஃபாஸ்ட், அதோடு கட்டாயம் பிபிடியு கார்ட். பிபிடியு என்பது ஸ்விட்சுகள் ஸ்பானிங் ட்ரீக்காகத் தங்களுக்குள் அனுப்பும் செய்தி, அது பிசி போர்ட்டில் வந்தால் கார்ட் அந்தப் போர்ட்டை மூடிவிடும். ஒன்றைப் போட்டு மற்றதை விட்டால் எனக்குத் தூக்கம் வராது. கார்ட் அடித்து போர்ட் எர்ர்-டிசேபிள் ஆகி மூடிக்கொண்டால் தானாகத் திரும்பி வரும்படி நான் வைப்பதில்லை, போன் வரட்டும், மேஜைக்கு அடியில் யார் என்ன சொருகினார்கள் என்று போய்ப் பார்க்கலாம். அங்கே கிடக்கும் சின்ன ஐந்து போர்ட் ஸ்விட்சுகளில் சில பிபிடியுவைக் கடத்தாமல் விழுங்கிவிடும், அப்போது கார்டுக்கு எதுவும் தெரியாது, அதனால் பிராட்காஸ்ட் அளவு மீறினால் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோலும் சேர்த்தே போடுகிறேன்.

அப்புறம், கான்ஃபிக் சேவ் ஆனதும் ஒரு அப்லிங்க்கை (கோருக்குப் போகும் கேபிளை) நிஜமாகவே பிடுங்கிப் பார்க்க வேண்டும். பிங் ஓடிக்கொண்டிருக்கட்டும். ஒன்றிரண்டு பாக்கெட் போய் மீண்டும் வந்தால் சரி, அரை நிமிஷம் நின்றால் எங்கேயோ ஒரு ஸ்விட்ச் இன்னும் பழைய மோடில்தான் இருக்கிறது, அதைத் தேடிப் பிடிக்காமல் சைட்டை விட்டுக் கிளம்பக் கூடாது.