125 டிகிரியில் 1,000 மணி நேரம்

பத்தாண்டுகள் உழைக்க வேண்டிய மின்னணுச் சில்லைப் பத்தாண்டுகள் சோதித்த பிறகு விற்க முடியாது என்பதால், 125 டிகிரி செல்சியஸில் 1,000 மணி நேரம் இயக்கிப் பார்த்து, 55 டிகிரியில் அதன் ஆயுளைக் கணிக்கிறார்கள். வெப்பம் கூடும்போது பழுது எவ்வளவு விரைவாகிறது என்று கூறும் அர்ஹீனியஸ் சமன்பாடு இதற்கு உதவுகிறது. அதில் கிளர்வுறு ஆற்றலை (பழுது நிகழத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடையை) 0.7 எலக்ட்ரான் வோல்ட் என்று வைத்தால், பழுது எத்தனை மடங்கு விரைவாகிறது என்பதைச் சொல்லும் முடுக்கக் காரணி ஏறத்தாழ 78. அதாவது அந்த 1,000 மணி நேரம் சுமார் 9 ஆண்டுகளுக்குச் சமம். அதையே 0.5 என்று மாற்றினால் காரணி 22 ஆக இறங்கி, 9 ஆண்டுகள் இரண்டரை ஆண்டுகளாகச் சுருங்கிவிடும். எனவே எந்த அறிக்கையிலும் நான் முதலில் தேடுவது ஆயுள் எண்ணை அல்ல. அந்த ஆற்றல் மதிப்பு பல வெப்பநிலைகளில் சோதித்துப் பெற்றதா, கையேட்டிலிருந்து எடுத்ததா என்பதைத்தான்.

சோதனை முடியும்போது பெரும்பாலான சில்லுகள் பழுதாகாமலே இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பழுதானவற்றின் சராசரியை மட்டும் எடுத்தால் ஆயுள் குறைவாகத் தெரியும். 'இவ்வளவு நேரம் தாங்கியது' என்பதும் தரவுதான் என்பதால், ஆயுள்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதை விவரிக்கும் வைபுல் பரவலை, கிடைத்த தரவுக்கு மிக அதிக வாய்ப்பளிக்கும் அளவுருக்களைத் தேடும் மீப்பெரு சாத்தியக்கூறு முறையில் பொருத்தும்போது அவையும் கணக்கில் சேர்கின்றன. காலம் செல்லச் செல்லப் பழுது வீதம் கூடுகிறதா குறைகிறதா என்பதைக் காட்டும், பரவலின் வடிவ அளவுரு வெப்பநிலைக்கு வெப்பநிலை கணிசமாக மாறினால், அதிக வெப்பத்தில் வேறு வகைப் பழுது புகுந்திருக்கிறதோ என்று ஐயுற வேண்டும். அப்படியானால் உயர் வெப்பநிலைகளில் கிடைத்த ஆயுள்களைக் கொண்டு வரைந்த அர்ஹீனியஸ் கோட்டை 55 டிகிரி வரை நீட்டுவதில் பொருளில்லை.