'அது தாமஸ் இல்லை, மிஸ்'

லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான தனி வகுப்பில் உதவி ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். எட்டுக் குழந்தைகள், ஓர் ஆசிரியை, மூன்று உதவியாளர்கள். எனக்குச் சொந்த ஊர் மேட்டுப்பாளையம். ஊட்டி ரயில் கிளம்பும் ஊரில் வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, அந்த வகுப்பில் முதலில் என்னிடம் ஒட்டிக்கொண்டவன் ரயில் என்றால் உயிரை விடும் ஒரு பையன்.

அவனுக்கு அப்போது ஆறு வயது. காலையில் வந்ததும் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டுவான். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு, மரத்தில் செய்த தாமஸ் எஞ்சினை எடுப்பான். தாமஸ் என்பது இங்கே குழந்தைக் கதைகளிலும் கார்ட்டூனிலும் வரும், முகமும் பேச்சும் உள்ள நீல ரயில் எஞ்சின். மேசை ஓரத்தில், முகம் சன்னலைப் பார்க்கும்படி வைப்பான். அதற்குப் பிறகுதான் எங்களுக்குக் காலை வணக்கம். அந்த எஞ்சினின் முன்பக்கத்தில் நீலச் சாயம் உரிந்து மரம் தெரியும். ஒரு சக்கரம் சரியாகச் சுற்றாது. புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்த்ததாக அவன் அம்மா சொன்னார். புதியது அலமாரிக்குப் போனது, பைக்குள் பழையதுதான் இருந்தது.

2021 நவம்பரில் தாமஸ் கார்ட்டூன் முற்றிலும் புதிய வடிவில் இங்கே சேனல் 5-இன் காலை நேரக் குழந்தைகள் நிகழ்ச்சியில் வரத் தொடங்கியது. 'ஆல் எஞ்சின்ஸ் கோ' என்று பெயர். அமெரிக்காவில் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்துவிட்டது. பழைய தொடரின் தொடர்ச்சி இல்லை, ரீபூட், அதாவது முதலிலிருந்து புதிதாகத் தொடங்கியது. முப்பரிமாண அனிமேஷன் போய், தட்டையாக வரைந்த படம். எஞ்சின்கள் குள்ளமாகிவிட்டன. கண்ணும் முகமும் பெரிதாகிவிட்டன. பேசும்போது உடம்பு நெளியும். சந்தோஷம் வந்தால் தண்டவாளத்தை விட்டு எழும்பிக் குதிக்கும்.

ஒரு திங்கட்கிழமை, பழம் சாப்பிடும் நேரம். என்னோடு வேலை செய்பவர் நல்லெண்ணத்தோடுதான் வகுப்பின் பெரிய திரையில் அதைப் போட்டார். இரண்டு சிறுமிகள் எழுந்து, எஞ்சின் குதித்தபோதெல்லாம் தாங்களும் குதித்தார்கள். ஒருத்தி அதுவரை எங்கள் வகுப்பில் வாய்விட்டுச் சிரித்ததே இல்லை. அன்றைக்குச் சிரித்தாள். அதையும் நான் மறக்க மாட்டேன்.

பையன் குதிக்கவில்லை. ஆப்பிள் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, தன் மர எஞ்சினை எடுத்துக்கொண்டு திரைக்கு மிக அருகில் போனான். பக்கவாட்டில் இருக்கும் எண் 1-ஐ முதலில் பார்த்தான். அது இருந்தது. நீல நிறம் இருந்தது. சிவப்புக் கோடு இருந்தது. மர எஞ்சினைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கையிலிருந்த முகத்தையும் திரையிலிருந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்தான். "அது தாமஸ் இல்லை, மிஸ்" என்றான். "தாமஸ்தான் கண்ணா, புது மாதிரி வரைந்திருக்கிறார்கள்" என்றேன். அவன் மேசைக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொண்டான். வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது. அன்றைக்கு மதியம் அவன் சாப்பிடவில்லை.

அன்று நான் சொன்னது தப்பு. அது புரிய எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தாமஸ் மீது தனிப் பிரியம் உண்டு என்பது இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். இங்குள்ள நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டி பெற்றோர்களிடம் கேட்டு அறிக்கையே வெளியிட்டிருக்கிறது. காரணம் புரிய வேண்டுமென்றால் 1984-இல் வந்த முதல் தொடரைப் பார்க்க வேண்டும். அது வரைந்த படமே இல்லை. உண்மையான மாதிரி ரயில்கள், உண்மையான தண்டவாளம், உண்மையான புகை. எஞ்சின்களின் முகம் அசையாது, கண் மட்டும் உருளும். கோபம் வேண்டும் என்றால் முகத்தைக் கழற்றிவிட்டுக் கோப முகத்தை மாட்டிப் படம் எடுத்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு முகம், ஒரு முகத்தில் ஓர் உணர்ச்சி. கதையைச் சொல்வது ஒரே குரல். எல்லா எஞ்சினுக்கும் அதே குரல்தான் பேசும், கார்டன் என்ற எஞ்சின் கோபப்பட்டால் 'கார்டனுக்குக் கோபம் வந்தது' என்று அதே குரல்தான் சொல்லும். மனிதர் முகத்தைப் படிக்கச் சிரமப்படும் குழந்தைக்கு இதைவிட நல்ல பாடப் புத்தகம் வேண்டாம். நாங்களே அந்த முகங்களை அச்செடுத்து, லேமினேட் செய்து, உணர்ச்சி அட்டைகளாக வைத்திருந்தோம். "இன்றைக்கு எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டால் பையன் பதில் சொல்ல மாட்டான். ஹென்றி என்ற எஞ்சினின் கவலை முகத்தை எடுத்துக் காட்டுவான்.

2009-இல் தொடர் முழுக்கக் கணினி அனிமேஷனுக்கு மாறியது. எஞ்சின்களின் வாய் அசைய ஆரம்பித்தது. அப்போதும் ஆதங்கப்பட்டவர்கள் உண்டு. ஆனால் எஞ்சின் எஞ்சினாகத்தான் இருந்தது, கனமாகத்தான் ஓடியது. 2021-இல் போனது அந்தக் கனம்.

ஆசிரியர் அறையில் அந்த வாரம் இதே பேச்சுதான். எண்பதுகளில் குழந்தையாக இருந்த ஒருவர், முதல் தொடரின் கதைசொல்லியான பீட்டில்ஸ் இசைக்குழுவின் ரிங்கோ ஸ்டாரின் குரலில் கதை கேட்டு வளர்ந்தவர், 'என் பிள்ளைப் பருவத்தை அழித்துவிட்டார்கள்' என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார். ரயில் தண்டவாளத்தை விட்டுக் குதிக்கலாமா என்பதுதான் பலருடைய கோபம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். தாமஸை உருவாக்கிய பாதிரியார் வில்பர்ட் ஆட்ரிக்கே அந்தக் குணம் இருந்தது. அவர் புத்தகங்களில் வரும் விபத்துகள் பலவும் ரயில்வேயில் உண்மையில் நடந்தவை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தொலைக்காட்சித் தொடரில் வந்த ஒரு கதையில் மரங்கள் தண்டவாளத்துக்கு மிக அருகே வளர்ந்திருப்பதாகக் காட்டியபோது, எந்த ரயில்வேயும் அப்படி விடாது என்று அவர் வெளிப்படையாகவே குறை சொன்னார்.

ஆனால் அந்தச் சக ஊழியரின் வருத்தமும் என் பையனின் வருத்தமும் ஒன்று இல்லை. அவர் அழுவது கடந்துபோன காலத்துக்காக. பையன் பிறந்ததே 2015-இல். அவன் பார்த்தது, பழைய பொருள்கள் விற்கும் சாரிட்டி கடையில் அம்மா வாங்கிவந்த பழைய டிவிடி. அவனுக்கு அது பழையது இல்லை, நேற்று இரவு பார்த்தது. இன்று காலை பையில் இருந்தது. நாற்பது வயதுக்காரர் ஒரு நினைவைத்தான் இழந்தார். அவனுக்குப் பறிபோனது கையில் பிடித்திருந்த கம்பி. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்கள் யாரும் பேசவில்லை. குறைசொன்னவர்களும் சரி, 'குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியாது, அவர்கள் ரசிப்பார்கள்' என்று சமாதானம் சொன்னவர்களும் சரி.

தாமஸ் பிறந்த கதையை நான் அப்போதுதான் தேடிப் படித்தேன். 1943-இல் ஆட்ரியின் மகன் கிறிஸ்டோபருக்கு மணல்வாரி அம்மை. இருட்டறையில் படுத்திருந்த பிள்ளைக்கு அப்பா எஞ்சின் கதைகள் சொன்னார். பிள்ளை அதே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டான். அப்பா மறதியாக எதையாவது மாற்றிச் சொன்னால் உடனே பிடித்துவிடுவான். அவன் திருத்துவதைச் சமாளிக்கத்தான் ஆட்ரி கதையை ஒரு பழைய காகிதத்தின் பின்பக்கம் எழுதிவைத்தார். 1945-இல் முதல் புத்தகம், அடுத்த ஆண்டு தாமஸ். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'மாற்றாதே' என்று ஒரு குழந்தை பிடிவாதம் பிடித்திருக்காவிட்டால் தாமஸ் என்ற புத்தகமே வந்திருக்காது. நானோ அதே பிடிவாதத்தைப் பார்த்து 'அது தாமஸ்தான்' என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் ஆசிரியையிடம் பேசினேன். பையன் சொன்னதையே உண்மையாக எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். படங்களால் ஆன டைம்டேபிளில் புதிய தாமஸின் படத்தை வைத்து, கீழே 'புதிய தாமஸ்' என்று எழுதினோம். பக்கத்திலேயே பழைய தாமஸின் படம், 'தாமஸ்'. வெள்ளிக்கிழமை பழ நேரத்தில் புதிய தாமஸ் வருவார், விருப்பம் உள்ளவர்கள் பார்க்கலாம், வேண்டாம் என்றால் புத்தக மூலைக்குப் போகலாம் என்று மூன்று நாள் முன்பே சொன்னோம். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நீ சொன்னது சரி. இது வேறு தாமஸ். உன்னுடையது உன் பையில் இருக்கிறது" என்றேன். அவன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை புத்தக மூலைக்குப் போனான். ஆனால் காதைப் பொத்தவில்லை. எனக்கு அது போதும்.

புத்தக மூலையில் இருந்தபோதுதான் அஷிமாவைக் கண்டுபிடித்தான். 2016-இல் வந்த தாமஸ் படத்தில் அறிமுகமான இந்திய எஞ்சின் அது. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை எஞ்சினை வைத்துச் செய்தது. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்துப் பார்த்து வளர்ந்த அதே எஞ்சின். "மிஸ் ஊர் எஞ்சின் இது" என்றேன். அவன் நம்பவில்லை. ஊரில் தம்பி எடுத்த வீடியோவை மறுநாள் காட்டினேன். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கும் இடம், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஓடும் பல்சட்டம், ரயிலின் பின்னால் நின்று மூச்சு வாங்கித் தள்ளும் எஞ்சின். "ஏன் பின்னாடி இருக்கிறது?" என்று கேட்டான். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளும், பல்சக்கரம் பல்சட்டத்தைக் கவ்வி ஏறும், பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் இடம்கூட உண்டு என்று சொன்னேன். இரண்டு மாதம் வகுப்பில் எல்லா ரயிலும் பின்னாலிருந்துதான் தள்ளப்பட்டன.

2022 செப்டம்பரில் அதே புதிய தொடரில் ப்ரூனோ வந்தான். சரக்கு ரயிலின் கடைசியில் வரும் பிரேக் பெட்டி, நம் ஊரில் கார்டு பெட்டி என்போமே அது. தாமஸ் உலகத்தில் ஆட்டிசம் உள்ள முதல் பாத்திரம். குரல் கொடுத்ததும் ஆட்டிசம் உள்ளவர்கள்தான். பிரிட்டிஷ் பதிப்பில் ஒரு சிறுவன். ப்ரூனோவுக்கு எல்லாத் தடங்களும் நேர அட்டவணையும் மனப்பாடம். ரயிலின் கடைசியில் பின்நோக்கியே போவான். மனநிலை மாறும்போது அவன் விளக்கு ஆடும். இது எதற்கு என்று முகம் சுளித்த பெரியவர்களும் இருந்தார்கள். அவர்கள் எங்கள் வகுப்பில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

பையன் ப்ரூனோவை முதல் நாளே ஏற்றுக்கொண்டான். நான் எதிர்பார்க்கவே இல்லை. அதே தட்டைப் படம், அதே வேகம், அதே சத்தம். ஆனால் ப்ரூனோவுக்கு 'முன்பு' என்று ஒன்று இல்லை. பழைய ப்ரூனோ ஒருவன் அவன் பையில் இல்லை. யாருடைய இடத்தையும் ப்ரூனோ பிடித்துக்கொள்ளவில்லை. விளக்கு ஆடிய காட்சியை நிறுத்தச் சொல்லி மூன்று முறை பார்த்தான். அப்புறம் எங்கள் உணர்ச்சி அட்டைப் பெட்டியைத் திறந்து, ஹென்றியின் கவலை முகத்தை எடுத்து, திரையில் இருந்த விளக்குக்கு நேரே பிடித்தான். "ரெண்டும் ஒண்ணு" என்றான். அந்த வாரமே விளக்கின் படத்தையும் அச்செடுத்துப் பெட்டியில் சேர்த்தோம்.

புதிய தாமஸை அவன் இன்றுவரை தாமஸ் என்று சொன்னதில்லை. 'புதிய தாமஸ்' என்றுதான் சொல்வான், வேறு யாராவது தாமஸ் என்றால் திருத்துவான். நாங்களும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டோம். தொடரை எடுத்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. அன்று முதன்முறையாகச் சிரித்த சிறுமிக்கு அவர்கள் கொடுத்ததை நான் கொடுத்துவிட முடியாது. ஆனால் பெயரையும் எண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மாற்றும்போது, அந்தப் பெயரை நம்பிப் பிடித்திருந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல யாராவது இருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் அந்த வேலையை நாங்கள் பிந்தித்தான் செய்தோம்.

சென்ற கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் நீலகிரி வீடியோவை மறுபடி கேட்டான். ஏற்றத்தில் ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். எஞ்சினின் விசிலைக் கேட்டுத் தன் பெட்டியின் பிரேக்கை அவர் பிடிப்பார். இத்தனை நாள் நாங்கள் இருவரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவரைக் கவனிக்கவில்லை. அவன் என் கையிலிருந்த போனை வாங்கி, படத்தை நிறுத்தி, கொடியோடு நின்றிருந்தவர் மேல் விரலை வைத்தான்.

"இவருக்கு ப்ரூனோ வேலை, மிஸ்" என்றான். பைக்குள்ளிருந்து தாமஸை எடுத்து, போனுக்குப் பக்கத்தில், முகம் அந்த மனிதரைப் பார்க்கும்படி வைத்தான்.